எதுவார் தட்டிய வரி

எதுவாருக்குப் பேச்சு நின்ற அன்று காலையில்கூட நகராட்சிக்கு ஒரு புகார் எழுதி முடித்திருந்தார். நெல்லித்தோப்பில் அவர்கள் தெருமுனைச் சாக்கடைக்கு மூடி கிடையாது. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்துவிட்டு, ஓய்வுக்குப் பிறகு ஊருக்கு வந்து உட்கார்ந்த மனிதருக்குச் சண்டை போட மிஞ்சியது அந்தச் சாக்கடைதான். தமிழில்தான் எழுதுவார். "பிரெஞ்சுல எழுதினா மரியாதையா வாங்கி வெச்சுக்குவான். தமிழ்ல எழுதினாத்தான் படிச்சுட்டுக் கோவப்படுவான். எனக்கு அவன் கோவப்படணும்" என்பார்.

அவருடைய லேப்டாப் பிரான்சில் வாங்கியது. விசைகள் பிரெஞ்சு வரிசையில் இருக்கும். நம் ஊரில் எண்கள் இருக்கும் மேல் வரிசையில் é, è, ç, à என்று தலையில் கோடும் அடியில் வாலும் வைத்த எழுத்துகள். அதில் தமிழ் அடிக்க வேண்டும் என்று எதுவார் பிடிவாதம் பிடித்தபோது, பெரிய மார்க்கெட் பக்கம் டிடிபி கடை வைத்திருந்த கமலக்கண்ணன் அந்த விசைப்பலகைக்கென்றே ஒரு ஃபாண்ட் செய்து கொடுத்தார். é இருந்த இடத்தில் 'கு'. ç இருந்த இடத்தில் 'து'. கம்ப்யூட்டரைப் பொறுத்தவரை எதுவார் é என்றுதான் தட்டுகிறார். அதற்கு 'கு' என்று உருவம் கொடுப்பது ஃபாண்ட். இந்த ஏற்பாடு அவர் மகள் மர்த்துக்குத் தெரியாது. பப்பா தட்டினால் தமிழ் வரும், அவ்வளவுதான் அவளுக்குத் தெரியும்.

அன்று மதியம் சாப்பாட்டு மேசையில் வலது கை சரிந்தது. வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. கோரிமேடு போகிற ரோட்டில் ஒரு நர்சிங் ஹோமில் சேர்த்தார்கள். உயிருக்கு ஆபத்து நீங்கியது. பேச்சு வரவில்லை. 'ஆமாம்' என்றால் தலையசைக்கச் சொன்னார்கள். எல்லாவற்றுக்கும் அசைத்தார்.

டாக்டர் மதிவாணன் பொறுமையான மனிதர். மர்த் ஒரு பள்ளியில் கெமிஸ்ட்ரி டீச்சர் என்று தெரிந்ததும் வராந்தாவில் நிற்க வைத்து விளக்கினார்.

"ரெண்டு விதமா இருக்கலாம் மேடம். வாயும் நாக்கும் மட்டும் ஒத்துழைக்கலன்னு வெச்சுக்கோங்க. உள்ள வார்த்தையெல்லாம் அப்படியே இருக்கும், வெளிய வராது. அதுக்கு வழி பண்ணலாம். இன்னொண்ணு, வார்த்தையே உள்ள கலைஞ்சு போயிருக்கலாம். அது வேற விஷயம்."

"எப்படித் தெரிஞ்சுக்கறது?"

"எழுத வெச்சுப் பாக்கணும்."

இடது கையில் பேனா நிற்கவில்லை. விரலுக்கு நடுவே வைத்தால் நழுவிப் போர்வையில் விழுந்தது.

"டைப் அடிப்பாரு டாக்டர்" என்றாள் மர்த். "நாள் முழுக்க அதைத்தான் செய்வாரு."

"அப்ப நல்லது. கொண்டாங்க. ஒரு வரி சரியா அடிச்சாருன்னா போதும், பாதி பயம் போயிடும்."

தம்பி ஃபாபிரிஸ் பிரான்சில் லியோன் நகரிலிருந்து வந்து இறங்கியிருந்தான். பெட்டியைக்கூடப் பிரிக்காமல் பப்பாவின் லேப்டாப்பைத் திறந்து உட்கார்ந்தான். அது எழுந்திருக்க ஒரு காபி குடிக்கிற நேரம் எடுத்தது. நடுவில் நின்றது. ஏதோ அப்டேட் கேட்டது.

"இது ஆஸ்பத்திரியில வந்து இப்படி நின்னா என்னக்கா பண்ணுவோம்? சுத்தமா தொடைச்சுட்டுப் புதுசா போட்டுடறேன்."

"பப்பா ஃபைல் எல்லாம்?"

"எல்லாத்தையும் காப்பி எடுத்துட்டுத்தான் தொடைப்பேன். நான் என்ன அவ்ளோ முட்டாளா?"

அவன் முட்டாள் இல்லை. சாயங்காலத்துக்குள் எல்லாவற்றையும் பழைய இடத்தில் திருப்பி வைத்தான். எதுவார் எப்போதும் திறக்கிற வெற்றுப் பக்கம் ஒன்று உண்டு. திறந்து, எழுதி, வேறு பெயரில் சேமித்துக்கொள்வார். அதையும் முகப்பில் அதே மூலையில் வைத்தான். பழைய டெஸ்க்டாப் படத்தைக்கூட விடவில்லை: கடற்கரையில் மம்மா, குடையோடு. இப்போது லேப்டாப் தட்டியவுடன் எழுந்தது. மர்த்துக்குத் தம்பியை நினைத்துப் பெருமையாக இருந்தது.

மறுநாள் காலை எதுவாரைத் தலையணைகளில் சாய்த்து உட்கார வைத்தார்கள். டாக்டர் இருந்தார். ஃபாபிரிஸ் இருந்தான். எதுவாரின் தங்கை ஏஸ்தெல் அத்தையும் வந்திருந்தார். அறைக்குள் நுழையும்போதே அத்தை சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, "எப்பா, ஐஸ் கம்பெனியில படுக்க வெச்சமாரி இருக்கு" என்றார். யாரும் கவனிக்கவில்லை. எல்லோர் கண்ணும் லேப்டாப்பில் இருந்தது.

வெற்றுப் பக்கம் திறந்தது. மேலே கட்டத்தில் கமலக்கண்ணன் வைத்த ஃபாண்டின் பெயர் எப்போதும்போல் இருந்தது.

"பப்பா, என்ன தோணுதோ அதை அடிங்க" என்றாள் மர்த்.

எதுவார் தலையைக் குனிந்து விசைகளைப் பார்த்தார். இடது ஆள்காட்டி விரல் ஒவ்வொன்றாகத் தேடிப் போனது. தேடியதும் அழுத்தியது. தயக்கமே இல்லை. ஒரு வரி முடிந்ததும் நிமிர்ந்து திரையைப் பார்த்தார்.

é என்று ஆரம்பித்து, நடுவில் ஆங்கில எழுத்துகளும் ஒரு அடைப்புக்குறியும் இரண்டு ç-யும் கலந்து ஏதோ ஒரு வரி.

அவர் திரையைப் பார்த்தார். விரலைப் பார்த்தார். அழித்தார். மறுபடியும், இன்னும் மெதுவாக, ஒவ்வொரு விசையையும் அழுத்துமுன் ஒருமுறை உற்றுப் பார்த்து அடித்தார். அதே வரி வந்தது, ஒரு எழுத்துப் பிசகாமல்.

ஒரு எழுத்துப் பிசகாமல் வந்ததே என்று அந்த நேரத்தில் யாருக்கும் தோன்றவில்லை. கெமிஸ்ட்ரி படித்த மர்த்துக்கும் தோன்றவில்லை. ஒரே சோதனையை இரண்டு முறை செய்து ஒரே விடை வந்தால் அதற்கு அர்த்தம் உண்டு என்று பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிறவள் அவள்.

டாக்டர் மெதுவாக மூச்சு விட்டார். "இப்ப எதையும் முடிவா சொல்ல முடியாது" என்றார். அவர் சொன்ன விதத்திலேயே முடிவு இருந்தது.

அத்தை மட்டும் விடவில்லை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு திரைக்குப் பக்கத்தில் வந்தார்.

"எதுக்கு எல்லாரும் மூஞ்சியைத் தொங்கப் போடுறீங்க? é இருக்கு. ç இருக்கு. பிரெஞ்சு இல்லாம வேற என்ன? அண்ணனுக்குத் தமிழ் போயிடுச்சு, பிரெஞ்சு நிக்குது. எங்க ஆந்த்ரே மாமாவுக்கும் கடைசியில இப்படித்தான் ஆச்சு, எது கேட்டாலும் பிரெஞ்சுலதான் பதில்."

"அத்தை, இது பிரெஞ்சும் இல்ல. எனக்கு ஒரு வார்த்தைகூடப் புரியல" என்றான் ஃபாபிரிஸ்.

"நீ படிச்சது கம்ப்யூட்டர் பிரெஞ்சு. ஒதுங்கு."

அத்தை அந்த வரியைப் போட்டோ எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப்பில் போட்டார். பாரிஸிலிருந்தும் ரெயூனியன் தீவிலிருந்தும் பதில்கள் வந்தன. ஒருவர் கவிதை மாதிரி இருக்கிறது என்றார். அத்தை உட்கார்ந்து முதல் எழுத்தையே பிடித்துக்கொண்டிருந்தார். é. பிறகு சட்டென்று கையை நெஞ்சில் வைத்தார்.

"எக்ளீஸ்" என்றார். "கோயிலைக் கேக்குறான். சாமியாரைக் கூப்பிடுங்க."

எதுவார் கண்ணைத் திறந்துதான் வைத்திருந்தார். தலையை அசைத்தாரா என்று கேட்டால் மர்த்தால் சொல்ல முடியாது. அன்று மாலையே சாமியார் வந்தார். சாகக் கிடப்பவர்களுக்குப் பூசுகிற எண்ணெயைக் கொண்டுவந்து நெற்றியிலும் கைகளிலும் பூசினார். செபம் சொல்லச் சொல்ல எதுவார் சாமியாரைப் பார்த்தார், பிள்ளைகளைப் பார்த்தார், எண்ணெய்ப் பாத்திரத்தைப் பார்த்தார். பிறகு இடது கையைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டு கண்ணை மூடினார்.

அதற்குப் பிறகு விசைப்பலகையைத் தொடவில்லை. மடியில் வைத்தால் கையை எடுத்துவிடுவார். எழுத்து எழுதிய அட்டையைக் காட்டினாலும் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வார். தலையசைப்பும் நின்றது. வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். ஃபாபிரிஸின் லீவு முடிந்தது. விமான நிலையத்துக்குக் கார் ஏறுமுன் பப்பாவின் காலைத் தொட்டுக்கொண்டு ரொம்ப நேரம் நின்றான்.

நகராட்சிக்காரர் ஒருவர் ஒருநாள் வந்து, சாக்கடைப் புகாருக்கு நகல் கேட்டார். மர்த் லேப்டாப்பைத் திறந்து பப்பாவின் ஃபைல்களில் தேடினாள். போன வருடத்துப் புகார் ஒன்று. திறந்தாள்.

é. ç. அடைப்புக்குறி. பக்கம் முழுக்க.

அடுத்ததைத் திறந்தாள். ஃபைல் பெயரைப் பார்த்தால் தெருநாய்களைப் பற்றியது. அதுவும் அப்படியே. மம்மாவின் வருடத் திவச பூசைக்கு உறவினரை அழைத்து எழுதியது. அதுவும்.

இவையெல்லாம் பப்பா நன்றாக இருந்தபோது எழுதியவை. அச்சடித்து, கையெழுத்திட்டு, அவரே நடந்து போய்க் கொடுத்தவை. அலமாரியில் நகல்கள் இருக்கின்றன, நல்ல தமிழில். மர்த் வந்தவரை வாசலிலேயே நிற்க வைத்துவிட்டு அலமாரியைத் திறந்தாள். ஒரு தாளை எடுத்துத் திரைக்குப் பக்கத்தில் பிடித்தாள். தாளில் தமிழ். திரையில் அது. வரிக்கு வரி அதே நீளம்.

பப்பாவுக்கு ஒன்றும் கலையவில்லை. தட்டியதைத் தமிழாகக் காட்டுகிற ஃபாண்ட்தான் இல்லை. அது இல்லாத இடத்தில் கம்ப்யூட்டர் ஓசைப்படாமல் வேறொரு ஃபாண்டைப் போட்டு ஒப்பேற்றிவிட்டது. மேலே கட்டத்தில் மட்டும் பழைய பெயர். மாற்றலாகிப் போன அதிகாரியின் நாற்காலியில் வேறு யாரோ உட்கார்ந்திருக்க, மேசைமேல் பெயர்ப்பலகை மாறாமலே இருப்பதுபோல.

ஃபாபிரிஸுக்குப் போன் செய்தாள். எல்லாவற்றையும் சொன்னாள்.

"எந்த எர்ரரும் வரலியேக்கா" என்றான் அவன். "இல்லன்னா இல்லன்னு சொல்ல வேணாமா அது? நான் பேரைப் பாத்தேன். பேரு இருந்துச்சு."

"நானும்தான்டா பாத்தேன்."

"ஃபைல் எல்லாம் எடுத்தேன். ஃபாண்ட் வேற எடத்துல இருக்கும்னு எனக்குத் தெரியும்க்கா. தெரிஞ்சும் தோணல."

அவன் அழுகிறான் என்று தெரிந்தது.

பெரிய மார்க்கெட்டில் பூக்கடைகளைத் தாண்டி, பப்பாவுக்குக் கம்ப்யூட்டர் வேலை செய்து கொடுத்தவர் என்று மட்டும் தெரிந்த கமலக்கண்ணனின் கடையைத் தேடினாள். டிடிபி பலகை இல்லை. அதே இடத்தில் கமலக்கண்ணன் மொபைல் கவர்களுக்கு நடுவே உட்கார்ந்திருந்தார்.

"முசே எதுவார் பொண்ணா? உக்காரும்மா. எப்படி இருக்காரு? சாக்கடைக்கு மூடி போட்டாங்களா?"

மர்த் சொன்னாள். அவர் கையில் இருந்த கவரைக் கீழே வைத்தார்.

"அந்த ஃபாண்டு முசேக்கு மட்டும் பண்ணதும்மா. பிரெஞ்சு கீபோர்டுல தமிழ் வேற யாருக்கு வேணும்? பக்கத்துல உக்காந்துக்கிட்டு, 'கு' அங்க இருக்கட்டும், 'து' இங்க இருக்கட்டும்னு உயிரை எடுத்தாரு."

"உங்ககிட்ட காப்பி இருக்கா?"

"ஒரு மழையில கடை உள்ள தண்ணி பூந்துச்சு. சிபியூ எல்லாம் எடைக்குப் போட்டுட்டேன். பழைய லேப்டாப்புல இருக்குமே?"

"அதைத்தான் தொடைச்சுட்டோம்."

அவர் யோசித்தார். முகம் தெளிந்தது. "சிடியில ஒண்ணு போட்டுக் குடுத்தேன்மா. ஜாக்கிரதையா வெச்சுக்கோங்க முசேன்னு சொல்லித்தான் குடுத்தேன். எங்க வெச்சாருன்னு அவரையே கேட்டுப் பாரேன்."

சொன்னபிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்குத் தெரிந்தது. எழுந்து போய் ஒரு டீ வாங்கி வந்து அவள் கையில் கொடுத்தார். புதிதாகச் செய்யலாமா என்றதற்கு, "எதுல செய்ய? அந்த சாஃப்ட்வேரும் இல்ல, எனக்கு மறந்தும் போச்சு" என்று கடைக்கு வெளியே பார்த்துக்கொண்டு சொன்னார்.

வீட்டில் சிடிக்காக எல்லா டிராயரையும் கொட்டிப் பார்த்தாள். கிடைத்ததெல்லாம் கிறிஸ்துமஸ் பாட்டு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பப்பா மதியத் தூக்கத்தில் இருந்தபோது, மர்த் சாப்பாட்டு மேசையில் கிராஃப் தாளை விரித்தாள். ஒரு பக்கம் அச்சடித்த புகார், இன்னொரு பக்கம் திரை. எழுத்துக்கு எழுத்து ஜோடி சேர்த்தாள். கொம்பு தனியாக முன்னால் வந்தது, கால் தனியாகப் பின்னால். பப்பா தட்டிய வரிசையில் அப்படியே. ஆய்வகத்தில் உப்பைக் கண்டுபிடிக்கிற மாதிரி ஒவ்வொன்றாக உறுதிப்படுத்திக்கொண்டு போனாள். அட்டவணை நிரம்பியதும் போனில் அத்தை அனுப்பிய போட்டோவைத் திறந்தாள்.

é. கு.

அடுத்தது ள. அடுத்தது ஒரு கொக்கி. பிறகு ரு. பிறகு ç, து.

*குளிருது. மெஷின நிறுத்து.*

ஏசியை அவர் மெஷின் என்றுதான் சொல்வார். அன்று ஏசி அவர் தலைக்கு நேர் மேலே ஓடிக்கொண்டிருந்தது. அதற்கடியில் நின்றுகொண்டுதான் எல்லோரும் அந்த வரியைப் போட்டோ எடுத்தார்கள். கண்டம் விட்டுக் கண்டம் அனுப்பினார்கள். அத்தை சால்வை போர்த்திக்கொண்டு எக்ளீஸ் என்றார். சாமியார் எண்ணெய் பூசினார். கையைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டாரே, அது குளிருக்காகவும் இருக்கலாம்.

பப்பா விழித்ததும் லேப்டாப்போடு பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். அவருடைய இடது கையைப் பிடித்துக்கொண்டாள்.

"பப்பா. அன்னைக்கு நீங்க சரியாத்தான் அடிச்சீங்க. குளிருதுன்னு அடிச்சீங்க. மெஷினை நிறுத்தச் சொன்னீங்க. நாங்கதான் படிக்கல. உங்களுக்கு ஒண்ணும் ஆகல பப்பா. கம்ப்யூட்டர்ல ஃபாண்ட் போயிடுச்சு, அவ்ளோதான்."

எதுவார் அவளைப் பார்த்தார். அந்தப் பார்வை அவளுக்குப் பழக்கமானது. அடுத்த வாரம் கண்டிப்பாக மூடி போட்டுடறோம் சார் என்று சொல்கிற அதிகாரிகளை அவர் அப்படித்தான் பார்ப்பார். பாவம், நல்ல பிள்ளை, ஏதோ சொல்கிறது.

நிரூபிக்க வேண்டும் என்று அவளுக்கு ஒரு வேகம். சாக்கடைப் புகாரைத் திரையில் திறந்து அவர் முகத்துக்கு நேராகக் காட்டினாள்.

"இங்க பாருங்க. இது நீங்க போன வருஷம் எழுதினது. அப்ப நல்லாதானே இருந்தீங்க? இப்ப இதுவும் அதேமாரிதான் தெரியுது."

எதுவார் படிக்க முயன்றார். கண் முதல் வரியில் ஓடியது. இரண்டாம் வரிக்குப் போனது. திரும்பி முதல் வரிக்கு வந்தது. கீழே தேதியைப் பார்த்தார். எண்களை அந்த ஃபாண்ட் மாற்றவில்லை, தேதி தெளிவாக இருந்தது. அது தன் புகார்தான் என்று அவருக்குத் தெரிந்தது. கண்ணைத் திரையிலிருந்து எடுத்தார்.

என்ன செய்துவிட்டோம் என்று மர்த்துக்கு அப்போதுதான் உறைத்தது. அவளுக்கு அது ஆதாரம். அவருக்கு? எழுதத்தான் மறந்தது என்று நினைத்திருந்தார். இப்போது, தானே எழுதியதைப் படிக்கவும் தெரியவில்லை.

"இல்ல பப்பா, இருங்க, அச்சடிச்சது இருக்கு" என்று மேசைக்கு ஓடினாள். தாளை எடுத்துக்கொண்டு வருவதற்குள் அவர் கண்ணை மூடியிருந்தார். தாளை முகத்துக்கு முன்னால் பிடித்தாள். திறக்கவில்லை. வாய்விட்டுப் படித்தாள். "மதிப்பிற்குரிய ஆணையர் அவர்களுக்கு. நெல்லித்தோப்பு, எங்கள் தெருமுனையில்..." கடைசி வரி வரை படித்தாள். கேட்டாரா என்று தெரியவில்லை. கண்ணோரம் ஈரமாக இருந்தது. பக்கவாதத்துக்குப் பிறகு அந்தக் கண்ணில் எப்போதும் நீர் வடிந்துகொண்டுதான் இருந்தது.

தாளைக் கீழே வைத்தாள். வெற்றுப் பக்கத்தைத் திறந்துவிட்டு, குளியலறையிலிருந்து துண்டை எடுத்து வந்து திரையை மூடினாள். இனி அது என்ன காட்டினாலும் அவர் பார்க்க வேண்டாம். லேப்டாப்பை அவர் மடியில் வைத்து, அவருடைய இடது கையைத் தூக்கி விசைகள்மேல் வைத்தாள். இந்த முறை கையை இழுத்துக்கொள்ளவில்லை.

"நீங்க அடிங்க பப்பா. நான் படிச்சுக்கறேன். எனக்கு இப்பப் படிக்கத் தெரியும்."

கிராஃப் தாளைத் தன் மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். தெருவில் மீன்காரம்மா தேங்காய்த்திட்டுத் துறை நண்டு என்று கூவிக்கொண்டு போனாள். எதுவாரின் மூச்சு சீராக வந்தது. தூங்குகிறாரா, கண்ணை மூடி இருக்கிறாரா என்று பிரித்துச் சொல்ல முடியாத மூச்சு.

கொஞ்ச நேரம் கழித்துத் துண்டின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தாள்.

é é é é é. வரி வரியாக, பக்கத்தின் அடிவரை போய் அடுத்த பக்கத்துக்கு நகர்ந்துகொண்டிருந்தது. ஆள்காட்டி விரல் அந்த விசைமேல் இருந்தது. அழுத்தியிருக்கிறதா, கனத்துக் கிடக்கிறதா?

கு, என்று படித்தாள்.

மின்விசிறியை நிறுத்தினாள். ஜன்னலைச் சாத்தினாள். போர்வையைக் கழுத்துவரை இழுத்து விட்டாள். பிறகு விரலைத் தொடாமல் பக்கத்தில் உட்கார்ந்து, அடுத்த எழுத்துக்காகத் துண்டைத் தூக்கிப் பிடித்தபடி இருந்தாள்.

கு கு கு கு கு.